எத்தில் செல்லோசால்வும் பியூட்டைல் செல்லோசால்வும் ஒண்ணா?

ஸ்கிரீன் பிரிண்டிங், கிருஷ்ணகிரி:
மாங்கூழ் பெட்டிக்கு ஸ்டிக்கர் அடிக்கிறேன். சித்திரை வெயில்ல மை மெஷ்லயே காஞ்சி அடைச்சிக்கும். அதுக்கு, மை மெதுவா காயுறதுக்கு, பியூட்டைல் செல்லோசால்வ்ங்கிற கரைப்பான் கொஞ்சம் விடுவேன். இந்த வாட்டி கடைக்காரர், "அது ஸ்டாக் இல்ல, இதுவும் அதே சாதிதான்"னு எத்தில் செல்லோசால்வ் அஞ்சு லிட்டர் குடுத்துட்டார். தின்னர் மாதிரி மூக்கைத் துளைக்கல, அதனால சாதுன்னு நினைச்சேன். வீட்டுக்காரம்மா அதை வேஸ்ட் துணியில நனைச்சு வெறுங்கையால ஸ்கிரீன் துடைக்கிறா. நாலு மாசம் முழுகாம இருக்கா. பரவாயில்லையா?

பெயிண்ட் லேப், ஓசூர்:
மொதல்ல தங்கச்சிய அந்தப் பக்கம் விடாதீங்க. கெமிஸ்ட்ரி அப்புறம்.

செல்லோசால்வ்ல மெத்தில், எத்தில்னு இருக்கிற ரெண்டு வகையும் உடம்புக்குள்ள போய் அமிலமா மாறும். வயித்துல இருக்கிற குழந்தை, ஆம்பளைங்க விந்தணு, எலும்பு மஜ்ஜை மூணுக்கும் அது ஆகாது. மூக்கை மட்டும் பார்க்காதீங்க, தோல் வழியாவே உள்ள இறங்கும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. மெல்லிசு லேடெக்ஸ் கிளவுஸும் வேலைக்காவாது, பியூட்டைல் ரப்பர் வேணும். இதுவரை தொட்டதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

சரி, வேலைக்காவது உதவுமான்னா அதுவும் இல்ல. பியூட்டைல் கொதிநிலை 171 டிகிரி, எத்தில் 135. சீக்கிரம் பறந்துடும், மறுபடி மெஷ் அடைக்கும். எத்தில் ஆவி சுமார் 43 டிகிரியிலயே தீப்பொறி பட்டா பத்திக்கும், பியூட்டைலுக்கு 60க்கு மேல. உங்க ஷெட்டு தகரமா?

லேக்கர் பாலிஷ், தருமபுரி:
தகரம்னா மதியம் 43 என்ன கணக்கு! மழைக்காலத்துல லேக்கர் வெள்ளை பூக்காம இருக்க நாங்களும் பியூட்டைல்தான் விடுறோம். சாயங்காலம் கைக்கறை போகவும் அதையே ஊத்திப்போம். அப்ப அது நல்லதா சார்?

பெயிண்ட் லேப், ஓசூர்:
அண்ணா, கைக்கு சோப்பு போடுங்க. பியூட்டைல் அந்த ரெண்டு மாதிரி இல்லன்னாலும் அதுவும் தோல்ல இறங்கும். எலிக்கு ரத்தச் சிவப்பணுவை உடைக்குது; மனுஷ ரத்தம் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். காத்துல 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 50 பங்கு) வரை இருக்கலாம்னு அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா சட்டம், 5 பிபிஎம்மைத் தாண்டக்கூடாதுன்னு அங்க இருக்கிற ஆராய்ச்சி அமைப்பான நியோஷ் பரிந்துரை. நம்ம கொட்டாய்ல யார் அளக்கிறா? ஜன்னலைத் திறந்து வைங்க.

ஸ்கிரீன் பிரிண்டிங், கிருஷ்ணகிரி:
தகரம்தான் சார். கேனைத் திருப்பிட்டேன், திறந்ததுன்னு பாதிக்காசுதான் குடுத்தார். டாக்டரம்மாகிட்ட சொல்லியாச்சு, அடுத்த ஸ்கேனை முன்னாடியே எடுக்கச் சொன்னாங்க. பியூட்டைல் வர்ற வரைக்கும் விடியக்காலை அஞ்சு மணிக்கே அடிக்கிறேன், பத்து மணிக்கு நிறுத்திடுவேன். ஸ்கிரீன் நானே துடைக்கிறேன்.