மூளையில் புரதம் அதிகமாக உருவாவதுதான் ஆட்டிசத்துக்குக் காரணமா?

கடம்பவனம்:
இதை இன்னும் ஊகம் என்று தள்ள முடியாது. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம், மரபணுவின் செய்தியைக் கொண்டுவரும் தூது ஆர்என்ஏவைப் படிக்கத் தொடங்க ஈஐஎஃப்4ஈ என்ற புரதம் வேண்டும். அதைப் பிடித்து நிறுத்தும் தடை 4ஈ-பிபி2 என்ற இன்னொரு புரதம். 2013-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் நாஹும் சோனென்பர்க் குழு அந்தத் தடையின் மரபணுவைச் சுண்டெலியில் நீக்கியது. நரம்பணுக்களை இணைக்க உதவும் நியூரோலிஜின் புரதங்கள் பெருகின, தூண்டும் சினாப்ஸ்களின் (நரம்பணுச் சந்திப்புகளின்) கை ஓங்கியது, எலிகள் ஒன்றோடொன்று பழகுவது குறைந்தது. ஈஐஎஃப்4ஈ-ஐ முடக்கும் 4ஈஜிஐ-1 என்ற தடுப்பானை மூளைக்குள் செலுத்தியதும் பழகும் தன்மை திரும்பியது.

மணல்மேடு:
அந்த ஆய்வில் எனக்கு ஐயமில்லை. "அதிகமாக" என்ற சொல்லைத்தான் மறுக்கிறேன். 2011-இல் மார்க் பேர் குழு, டிஎஸ்சி2 மரபணுவின் ஒரு பிரதி இல்லாத எலியில் புரத உற்பத்தி குறைந்திருப்பதைக் கண்டது. எஃப்எம்ஆர்1 இழந்த எலியில் அது கூடுதல். இரண்டு குறைகளும் ஒரே எலியில் சேர்ந்தபோது ஒன்றை ஒன்று சமன் செய்தன! மனிதரில் இரண்டுமே ஆட்டிசத்தோடு தொடர்புள்ளவை. ஒருவருக்கு உதவும் மருந்து இன்னொருவருக்குக் கெடுதலாகலாம். எலியில் பலித்த மாவோகுளூரன்ட் என்ற மருந்து, எஃப்எம்ஆர்1 செயலிழப்பதால் வரும் ஃபிராஜைல் எக்ஸ் நோயாளிகளிடம் பலிக்காமல் 2014-இல் கைவிடப்பட்டதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடம்பவனம்:
அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் 12 வயதும் அதற்கு மேலும். பலனை அளந்தது பராமரிப்பவர் நிரப்பும் நடத்தைக் கேள்வித்தாள். தோற்றது மருந்து, கருதுகோள் அல்ல.

மணல்மேடு:
மனித மூளையில் அளந்தும் பார்த்தாயிற்று. புரதத்தின் கூறுகளில் ஒன்றான லூசினைக் கதிரியக்கக் கார்பன்-11 சேர்த்துச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் ஃபிராஜைல் எக்ஸ் இளைஞர்களுக்கு உற்பத்தி குறைவாகவே தெரிந்தது, எலிக்கு நேர்மாறாக.

சீவல்:
இருவரும் அளவீட்டைக் கவனியுங்கள். பெட்டில் பழைய புரதம் சிதைந்து வரும் லூசினும் கலக்கும். அந்தப் பங்கைக் கழிக்காவிட்டால் கணக்கு தப்பும். எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியை மெல்லியதாக வெட்டி அளக்கும்போது வேறு தொல்லை: வெட்டிய அதிர்ச்சியிலேயே உற்பத்தி குலைந்துபோகும். சுமார் 32 டிகிரியில் 4 மணி நேரமாவது ஓய்வு கொடுத்த பிறகே ப்யூரோமைசின் சேர்க்க வேண்டும். புதிய புரதத்தை அடையாளம் காட்டும் அந்தப் பொருள், வளரும் புரதச் சங்கிலியில் ஒட்டி அதைப் பாதியிலேயே அறுத்துவிடும். அதனால் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் பிளாட்டில் ஒற்றைப் பட்டை வராது, அந்த மாதிரியின் லேன் (நெடுவரிசை) முழுக்கக் கறையாக இறங்கும். ப்யூரோமைசின் போடாத லேன் பக்கத்தில் இல்லையென்றால் அந்தக் கறையில் எவ்வளவு பின்னணி என்றே சொல்ல முடியாது. 20 சதவீத வித்தியாசம் அதற்குள் தொலைந்துவிடும்.

கடம்பவனம்:
ஏற்கிறேன். திசை மரபணுவுக்கு மரபணு மாறும். அதனால்தான் புரத உற்பத்தியைக் குறைக்கும் ராபமைசினைக் கேட்கும் பெற்றோரிடம் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்; அது நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து. முதலில் எஃப்எம்ஆர்1 பரிசோதனை. அந்த மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் சிஜிஜி என்ற எழுத்துத் தொடர் 45 முறைக்குக் கீழே என்றால் இயல்பு, 200-ஐத் தாண்டினால் முழுத் திரிபு.

சீவல்:
ஆய்வகத்தில் எந்த முறை என்றும் கேளுங்கள். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் சாதாரண பிசிஆர் நீண்ட சிஜிஜி தொடரைப் பெருக்காமல் விட்டுவிடும். பெண் குழந்தையில் இயல்பான பிரதியின் பட்டை மட்டும் தெரிந்து "நார்மல்" என்று அறிக்கை வர வாய்ப்புண்டு. நீண்ட தொடரையும் காட்டும் ட்ரிப்லெட் பிரைம்டு பிசிஆர் அல்லது சதர்ன் பிளாட் செய்தார்களா என்று பாருங்கள்.