ஷ்விப்போகனுக்குத் தமிழில் என்ன?

அன்பர்களே,

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டுரையைப் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் சாக்சனியில், எர்ஸ்கெபிர்கே மலைச் சுரங்கத் தொழிலாளர்களின் கிறிஸ்துமஸ் பற்றியது. 'ஷ்விப்போகன்' வந்ததும் வண்டி நின்றுவிட்டது. அரைவட்ட வளைவு, மேல் விளிம்பில் வரிசையாக மெழுகுவத்திகள், உள்ளே தொழிலாளி உருவங்கள், ஜன்னலில் வைப்பார்கள். தெரிந்தவற்றில் பழையது யோகான்கியோர்கன்ஸ்டாட்டில் 1740இல் இரும்பில் செய்தது. 'மெழுகுவத்தி வளைவு' என்று எழுதிப் பார்த்தேன். மாநாட்டுக்கு ரோட்டில் வைக்கிற வளைவு மாதிரி இருக்கிறது.

—

> மெழுகுவத்தி

'வர்த்தி' வடசொல். மெழுகுதிரி என்க. மற்றபடி 'திருவாசி' இருக்க ஏன் அலைகிறீர்கள்? வளைவு, விளிம்பெல்லாம் சுடர். பொருத்தம்தானே?

—

திருவாசிக்கு நடுவில் சாமி வேண்டும் ஐயா. இங்கே நிற்பவர்கள் சுத்தியும் உளியுமாகக் கூலிக்கு இறங்கியவர்கள். அங்கே சுடர் வார்ப்பு, இங்கே எரிகிறது.

என் சொல்: சுடர்வளை. சுரங்க வாயைச் சுற்றி விளக்கு மாட்டிய காட்சிதான் இந்த வடிவம் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. நமக்கோ வளைந்ததும் வளை, பொந்தும் வளை. எலிவளையானாலும் தனிவளை! குளிர்காலத்தில் விடியுமுன் இறங்கி, இருட்டிய பின் ஏறியவர்களுக்கு இதைவிட நல்ல சொல் ஏது?

—

அழகுதான். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வளையல் என்று நினைக்கும். 'விளக்கு வளைவு' போதும்.

—

விளக்கு வளைவுக்கே என் ஓட்டும். திருவாசி வேண்டாம், சண்டை வரும்.

—

சரி, விளக்கு வளைவு. அடுத்தது 'மெட்டன்ஷிக்ட்'. கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ஷிப்ட். சீக்கிரம் முடித்துவிட்டு, எல்லோரும் கூடி ஜெபம் சொல்லிச் சாப்பிடுவார்கள்.

—

'மெட்டே' மூலத்தில் விடியற்கால வழிபாடு. ஆகவே 'வைகறைமுறை'.

—

வேலையை முடித்துவிட்டுக் கூடுவதற்கு வைகறையா? கிறிஸ்துமஸ் மெட்டே என்பதே இரவுப் பூசைதான், எங்கள் வீட்டில் சாமப் பூசை என்போம். 'பூசைமுறை' என்றாலும் கோயில் முறைக்காரர்தான் நினைவுக்கு வருவார்.

—

நெய்வேலியில் சுரங்க வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள். ஷிப்டுக்கு ஷிப்ட்தான். 'பூசை ஷிப்ட்' என்று எழுதினால் அவர்களுக்குப் புரியும்.

—

'பூசை ஷிப்ட்' போட்டு அனுப்பிவிட்டேன். ஆசிரியர் மாற்றினால் மாற்றட்டும். எல்லோருக்கும் நன்றி.

—

சுடர்வளையை நான் கைவிடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். 'திரி' தமிழா என்பதையும் தனியாகப் பேச வேண்டும்.