டைட்டன் வாட்ச் கம்பெனியா, நகைக்கடையா?

சேமிப்பு_செல்வி: துறை பார்த்து முதலீடு செய்வது எப்படி என்று நேற்று ஒருவர் இங்கே பாடம் எடுத்தார். அதில் ஒரு வரி: 'டைட்டன் ஒரு வாட்ச் கம்பெனி, ஏசி, ஃபிரிட்ஜோடு சேர்ந்த கன்ஸ்யூமர் டியூரபிள்ஸ் (நீடித்து உழைக்கும் வீட்டுப் பொருள்கள்) துறை. ஒரே துறை, ஒரே போக்கு.' வாட்சா? வருமானத்தில் முக்கால்வாசிக்கு மேல் நகையில் வருகிறது ஐயா!

ஓசூர்க்காரன்: அந்த ஒருவர் நான்தான். என் மாமா ஓசூர் ஆலையில் 22 வருடம் வாட்ச் கோர்த்தவர். டைட்டனைப் பற்றி எனக்கே பாடமா?

சேமிப்பு_செல்வி: மாமா கோர்த்தால் லாபமும் வாட்சிலிருந்து வந்துவிடுமா? 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனது. பழைய வரி கட்டி வாங்கிய சரக்கு கையில் இருந்தவர்களுக்கு அதன் மதிப்பு குறைந்து அடி. டைட்டனுக்கு விழுந்தது, ஏசி விற்கும் வோல்டாஸுக்கு விழுந்ததா?

ஓசூர்க்காரன்: பங்குச் சந்தையின் நிஃப்டி கன்ஸ்யூமர் டியூரபிள்ஸ் குறியீட்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வோல்டாஸ், ஹேவல்ஸ், டைட்டன் எல்லாம் ஒரே பந்தி. வாட்ச் கம்பெனிதான்.

பழைய_பங்காளி: அதே பந்தியில் கல்யாண் ஜுவல்லர்ஸும் உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் வாட்ச் கம்பெனியா? தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ, கம்பெனிகளைத் துறைவாரியாக நாலு அடுக்காகப் பிரிக்கிறது. கடைசி அடுக்கில் டைட்டனுக்கு 'ரத்தினம், நகை, கைக்கடிகாரம்' என்று போட்டிருக்கிறது. கடிகாரம் கடைசியில்.

ஓசூர்க்காரன்: கடைசியிலோ முதலிலோ, இருக்கிறதா இல்லையா? அப்புறம், போன வருடம் ஒரு சின்ன வங்கிப் பங்கை 'ஐடி மாதிரி பறக்கும்' என்று என் தலையில் கட்டியவர் நீங்கள். மறக்கவில்லை.

பழைய_பங்காளி: பட்டனை அழுத்தியது உங்கள் விரல்தானே?

புது_வரவு: டாடா கம்பெனிதானே, எந்தத் துறையானால் என்ன? வாங்கிப் போடலாமா?

ஓசூர்க்காரன்: டாடாவாம்! தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ கையில் 27.88 சதவீதப் பங்கு. டாடா குழுமத்திடம் அதைவிடக் குறைவு. படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

புது_வரவு: நடத்துவது யார் அண்ணா?

ஓசூர்க்காரன்: அது வேறு விஷயம்.

சேமிப்பு_செல்வி: எல்லாமே உங்களுக்கு வேறு விஷயம்தான். கோடையில் மழை பிடித்துக்கொண்டால் ஏசி விற்பனை படுத்துவிடும். அட்சய திருதியைக்குக் குடை பிடித்துக்கொண்டாவது நகைக்கடைக்குப் போவார்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டி 'ஒரே துறை, ஒரே போக்கு' என்று எழுதியதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஓசூர்க்காரன்: வாட்ச் கம்பெனி. எத்தனை தடவை சொல்வது?

பழைய_பங்காளி: நீங்கள் கட்டியிருப்பது எந்த வாட்ச்?

ஓசூர்க்காரன்: கேசியோ. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. நாலு அடுக்கையும் இரவு வந்து நானே விளக்குகிறேன், யாரும் முந்திக்கொண்டு எழுத வேண்டாம்.

சேமிப்பு_செல்வி: நகைக்கடை.