‘கேலோ’ (callow) என்ற ஆங்கிலச் சொல்லை விண்ணப்பக் கடிதத்தில் எழுதலாமா?

கேள்வி (காவேரிப்பட்டணம்):
டிப்ளமோ முடித்த என் தங்கை, ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கிறாள். முன்அனுபவம் இல்லை என்பதைத் தெரிவிக்க, ‘ஐ ஆம் கேலோ பட் ஹார்ட்வொர்க்கிங்’ என்று எழுதியிருக்கிறாள். அகராதியில் ‘அனுபவமற்ற’ என்றுதான் பொருள் போட்டிருக்கிறது. இருந்தும் படிக்கும்போது உறுத்துகிறது. அப்படியே அனுப்பலாமா?

பதில் 1 (தருமபுரி):
வேண்டாம், அம்மா. அகராதி சொல்வது பொய்யில்லை, பாதியைத்தான் சொல்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘வழுக்கையான’ என்ற பொருளில் வழங்கிய இச்சொல், பிறகு இறகு முளைக்காத பறவைக் குஞ்சைக் குறித்து, அதிலிருந்து உலகம் தெரியாத இளவட்டங்களைக் குறிக்கலாயிற்று. ஆகவே, பணி அனுபவம் உண்டா இல்லையா என்பதைவிட, வயதையும் பக்குவமின்மையையும் சேர்த்து எடைபோடும் சொல் அது. ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவரை ‘இன்எக்ஸ்பீரியன்ஸ்டு டிரைவர்’ என்பார்களே தவிர, ‘கேலோ’ என்னமாட்டார்கள். ‘விவரம் பத்தாத பையன்’ என்று நம் பக்கம் பெரியவர்கள் சொல்லும்போது ஓர் இளக்காரம் ஒலிக்கிறதல்லவா, அதே தொனிதான் ‘கேலோ யூத்’ என்பதிலும் இருக்கிறது. வயதான ஒருவர் தம் இளமையைத் திரும்பிப் பார்த்துத் தம்மையே அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். வேலை கேட்பவர் சொல்லிக்கொள்வது தம்மைத் தாமே மட்டம் தட்டுவதாகிவிடும்.

பதில் 2 (கிருஷ்ணகிரி):
இதே பொருளில் ‘கிரீன்’ என்றும் சொல்வதுண்டு. பழுக்காத காய் என்ற கருத்தில் வந்தது. மாங்காய் மண்டி உள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளக்காரம் சற்றுக் குறைவு, ஆனால் பேச்சுவழக்குச் சொல் என்பதால் கடிதத்துக்கு ஆகாது. ‘நைவ்’ என்பதும் வேண்டாம். எதையும் எளிதில் நம்பி ஏமாறுபவர் என்ற பொருள் அதில் ஏறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் என்னதான் எழுதுவது?

பதில் 3 (ஓசூர்):
விண்ணப்பங்களைப் படித்துப் பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். பயிற்சிப் பணிக்கு வருபவருக்கு அனுபவம் இராது என்பது படிப்பவருக்குத் தெரியும். அதற்கென்று ஓர் அடைமொழியே தேவையில்லை. ‘ஐ ஹேவ் ரீசன்ட்லி கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ’ என்று தொடங்கி, எந்த இயந்திரத்தில் செய்முறைப் பயிற்சி பெற்றார் என்பதை அடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள். ‘ஃப்ரெஷர்’ என்ற சொல் இங்கே எல்லோருக்கும் புரியும். ஆனால் பிரிட்டனில் அது பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவரைக் குறிக்கும் என்பதால், வெளிநாட்டு அதிகாரிகள் படிக்கக்கூடிய கடிதமென்றால் அதையும் தவிர்ப்பது நல்லது.