பிச்சாவரத்தில் கயாக் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் சென்னையிலிருந்து வருகிறார்கள். பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் உட்கார்ந்து சுற்றியது போதுமாம். இந்த முறை கயாக் என்கிற குறுகலான சின்னப் படகைத் தாங்களே துடுப்புப் போட்டு ஓட்ட வேண்டுமாம். எனக்கும் ரொம்ப ஆசை.

கவலை ஒன்றுதான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள அந்தக் குறுகிய கால்வாய்களில் சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து தண்ணீரில் இறங்கி நிற்கும். கடல் வற்றும் நேரத்தில் வேரில் ஒட்டிய சிப்பிகள் வெளியே தெரியும். கத்தி மாதிரி இருக்கும், பிடித்தால் கை கிழிந்துவிடும். அதனால் நீர் ஏறும் நேரம் பார்த்துப் போக நினைக்கிறேன். காலையில் போனால் கடல்காற்றும் குறைவு.

அங்கே இப்போது கயாக் வாடகைக்குக் கிடைக்கிறதா? கூடவே வழிகாட்டி வருவாரா? சின்னவளுக்கு வயது 10, நீச்சல் தெரியாது. அவள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் வைத்திருக்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம். பெரியவர்கள் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டினாலும் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

வழியில்லை என்றால் புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாற்றில் முயற்சி செய்யலாமா? நேரில் போனவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.