பொருள்: ஷேடர் கம்பைலேஷன் ஸ்டட்டர் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே,

விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் வைன், புரோட்டான் மென்பொருள்களின் ஆவண வரைவில், விளையாட்டு நடுவே கணநேரம் தடைபடும் இந்த ஸ்டட்டருக்கு 'மொழிபெயர்ப்புத் திணறல்' என்று இருக்கிறது. இரண்டு பாதியுமே பொருந்தவில்லை.

ஷேடர் என்பது காட்சியை வரைய கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல். விண்டோஸின் கிராபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்3டிக்கு எழுதிய ஷேடரை, வல்கன் என்னும் இடைமுகம் ஏற்கும் ஸ்பிர்-வி வடிவுக்கு மொழிபெயர்ப்பது டி.எக்ஸ்.வி.கே என்னும் இடைநிலை மென்பொருள். அதற்கு அதிக நேரம் பிடிக்காது. நேரத்தை விழுங்குவது டிரைவர். ஸ்பிர்-வியை அந்தக் கிராபிக்ஸ் கார்டுக்குரிய இயந்திர நிரலாகத் தொகுப்பது (கம்பைல் செய்வது) அதுதான். வல்கனில் இந்தத் தொகுப்புக்கு ஷேடர் மட்டும் போதாது. உச்சிப்புள்ளி உள்ளீட்டு அமைப்பு, நிறக் கலப்பு முறை, வரையும் பரப்பின் வடிவம் எல்லாம் சேர்ந்த பைப்லைன் வேண்டும். டைரக்ட்3டி 11-இல் இவை வரையச் சொல்லும் கட்டளை (டிரா அழைப்பு) வரும்போதுதான் முழுதாகத் தெரியும். திரையில் முதல் வெடிப்பு வரும் கணத்திலேயே தொகுப்பும் தொடங்குகிறது. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிநொடி, தொகுப்புக்கு 50 பிடித்தால் மூன்று பிரேம் போச்சு.

திணறல் என்பது சுமை தாங்காமல் தொடர்ந்து தவிப்பது. இங்கே சராசரி பிரேம் வேகம் நன்றாகவே இருக்கும், பிரேம்நேர வரைபடத்தில் மட்டும் ஊசிபோல ஒரு கோடு எழும். 'தொகுப்புத் திக்கல்' எப்படி?

----

> தொகுப்புத் திக்கல்

'தொகுப்பு' சரி. 'திக்கல்' பேச்சுக் குறைபாட்டின் பெயர், வேண்டாமே. கல் தடுக்கி, சமாளித்து, மேலே நடப்பதுதான் இது: தொகுப்பிடறல். 'விளையாட்டு இடறுகிறது', 'இடறாமல் ஓடுகிறது' என்று வினையாகவும் வரும்.

டி.எக்ஸ்.வி.கே 2.0 (2022) வந்தபின் இந்தச் சொல் தேவையா என்று கேட்கக்கூடும். தேவைதான். அந்தப் பதிப்பிலிருந்து, டிரைவரில் பைப்லைன் நூலக வசதி இருந்தால், ஷேடர்களை ஏற்றும்போதே தனித்தனியாகத் தொகுத்து வைத்து, வரையும்போது இணைத்தால் போதும். மேம்பட்ட வடிவம் பின்னணியில் தயாராகும். ஆனால் ஷேடரையே கடைசி நொடியில் உருவாக்கும் விளையாட்டுகள் இன்றும் இடறும்.

டி.எக்ஸ்.வி.கே-யில் சிலர் சேர்த்துக்கொள்ளும் 'அசிங்க்' பேட்ச் வேறு கதை. பைப்லைன் தயாராகும்வரை அது வரைவதையே தவிர்க்கிறது. ஓட்டம் நிற்காது, பொருள்கள் கொஞ்ச நேரம் காணாமல்போகும். அதை இடறல் என்று எழுதக்கூடாது. 'வரைவு விடுபடல்' எனலாம்.

----

தொகுப்பிடறலுக்கு என் வாக்கு. விளக்கத்தில் சோதனை முறையையும் சேர்ப்போம், இல்லையென்றால் எல்லா வழுவறிக்கையிலும் இந்தச் சொல்லே வந்து நிற்கும்.

டி.எக்ஸ்.வி.கே திரைத்தகவலில், தொகுப்பு நடப்பதைக் காட்டும் கம்பைலர் குறிகாட்டியை இயக்கி, அதே இடத்தில் இரண்டாம் முறை விளையாடுங்கள். முதல்முறை இடறி, மறுமுறை சீராக ஓடினால் தொகுப்பிடறல். டிரைவர் தொகுத்தவற்றைச் சேமித்து வைக்கும் ஷேடர் கேஷை அழித்ததும் அது திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் வந்தால் வீடியோ நினைவகம் நிரம்புகிறதா, வட்டிலிருந்து தரவு தாமதமாக வருகிறதா என்று பாருங்கள். டிரைவரைப் புதுப்பித்தால் பழைய கேஷ் பெரும்பாலும் செல்லாது. அன்று மட்டும் இடறினால் வழு பதியத் தேவையில்லை.

ஷேடர், ஷேடராகவே இருக்கட்டும். 'நிழலாக்கி' என்றால் நிழல் போடும் கருவி என்றுதான் படிப்பார்கள். வரைவில் அந்தச் சொல் வரும் இடங்களையும் மாற்றிவிடலாம்.