எண்ணெய் பூசினதும் கிண்ணத்தில் எதிரெதிரே இரண்டு திட்டு – உப்புத்தாள் போட்டும் போகவில்லை

புதுஉளி:
வணக்கம். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) மரக்கிண்ணம் கடைய ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. இது ஆறாவது கிண்ணம், 10 அங்குல விட்டம், காய்ந்த மாங்கட்டை. வெளிப்பக்கத்தை மட்டும் முடித்திருக்கிறேன், உள்ளே இன்னும் குடையவில்லை. 120 எண் உப்புத்தாளில் (எண் கூடக் கூடத் தாள் நைசு) தொடங்கி 180, 240, 320, 400 என்று ஒன்றுவிடாமல் தேய்த்தேன். கையால் தடவினால் வழுவழுப்பு. ஆனால் எண்ணெய் பூசினதும் எதிரெதிரே இரண்டு இடம் மட்டும் திட்டாகக் கறுத்துவிட்டது. கிட்டத்தில் பார்த்தால் நார் பிய்ந்த மாதிரி பொடிப்பொடிக் குழிகள். மறுபடி 120 போட்டு அரைமணி நேரம் தேய்த்தும் குழி அப்படியே இருக்கிறது, கட்டைதான் சுடுகிறது. இதைவிட நல்ல தாள் எது?

சுருள்சீவல்:
தாள் மேல் தப்பில்லை தம்பி. எதிரெதிரே இரண்டு இடம் என்றீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. நார் லேத்தின் அச்சுக்குக் குறுக்கே ஓடுகிற மாதிரி கட்டையை மாட்டியிருப்பீர்கள். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை நாரின் பக்கவாட்டையும், இரண்டு முறை நார்முனையையும் (நார் குறுக்கே அறுபட்டு நிற்கிற முகம்) வெட்டும். பிய்கிறது அந்த நார்முனைப் பக்கம்தான். இரண்டு கேள்வி: கடைசியாக எப்போது சாணை பிடித்தீர்கள்? வெளிப்பக்கம் உளியை எங்கிருந்து எங்கே ஓட்டினீர்கள்?

புதுஉளி:
சாணை பிடித்தது கட்டையை உருட்டுவதற்கு (வட்டமாக்குவதற்கு) முன்னால். உளி விளிம்பிலிருந்து அடிப்பக்கம் நோக்கி. அதுதான் கைக்கு வசதி சார்.

சுருள்சீவல்:
இரண்டுமே மாற வேண்டும். வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்புக்கு, அதாவது சின்ன விட்டத்திலிருந்து பெரிய விட்டத்துக்கு. உள்ளே குடையும்போது நேர் எதிர்: விளிம்பிலிருந்து நடுவுக்கு. இப்படி வெட்டினால் வெட்டுப்படுகிற ஒவ்வொரு நாருக்கும் அடியில் இன்னொரு நார் தாங்கலாக இருக்கும். நீங்கள் ஓட்டின திசையில் தாங்க ஆளில்லை, அறுபடுவதற்கு முன்னால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது. எதிர்நாரில் இழைப்புளி ஓட்டினால் பலகை சிலும்புமே, அதே கதைதான்.

உள்ளே குடையாததால் சதை நிறைய இருக்கிறது, பயமில்லாமல் மறுபடி கடையலாம். குழி உளியை (நடுவில் பள்ளம் ஓடுகிற உளி) புதிதாகச் சாணை பிடியுங்கள். கட்டையை உருட்டி மழுங்கின உளியோடு கடைசி வெட்டுக்குப் போவதே கூடாது. அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டாம். சாணைச் சாய்வு (உளிமுனைக்குப் பின்னால் சாணை பிடித்த சரிவு) மரத்தில் பட்டுக்கொண்டே வரட்டும், ஆனால் அமுக்காதீர்கள், அமுக்கினால் பளபளவென்று கோடு விழும். கையை அவசரப்படுத்தாதீர்கள், வேகமாகத் தள்ளினால் திருகாணி மாதிரி வரி வரும்.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு: அங்குல விட்டத்தைச் சுற்று வேகத்தால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் நிற்கணும். உங்கள் கிண்ணத்துக்கு நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று. கட்டை ஆட்டம் போட்டால் அதைவிடக் குறையுங்கள்.

தூசிமூக்கு:
எனக்கென்னவோ 80 தாளும் ஒரு உளிதான் 😄 120-இல் தொடங்கினதுதான் தப்பு, 80 போட்டிருந்தால் குழி போயிருக்கும்.

சுருள்சீவல்:
மேலோட்டமான குழி என்றால் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆழமானதற்கு 80 போட்டால் பக்கவாட்டு நார் சீக்கிரம் தேயும், நார்முனை தேயாது. கிண்ணம் வட்டம் தப்பிவிடும். சூடு ஏறினால் நார்முனையில் மயிரிழை வெடிப்பும் வரும். தேய்க்கும்போது வேகத்தைப் பாதியாக்குங்கள், விரலுக்குச் சுட்டால் நிறுத்துங்கள்.

அரக்குப்பூச்சு:
ஒரு யோசனை. கடைசி வெட்டுக்கு முன் நீர்க்க கலக்கின அரக்கை அந்த இரண்டு இடத்திலும் பூசி உலர விடுங்கள். தளர்ந்த நார் விறைத்துக்கொள்ளும், உளிக்கு மடங்காது. பிறகும் சிலும்பு மிஞ்சினால், ஸ்கிரேப்பரை (சுரண்டு உளி) டூல் ரெஸ்டில் (உளியைத் தாங்குகிற கட்டை) படுக்க வைக்காமல் 45 டிகிரி சாய்த்துப் பிடித்து இறகு தடவுகிற மாதிரி சீவுங்கள். பஞ்சு மாதிரி சீவல் வந்தால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், தூள் வந்தால் பிசிர் (சாணையில் முனையில் எழும்புகிற மெல்லிய கூர்) போய்விட்டது, மறுபடி சாணை.

சிலர் லேத்தை எதிர்த்திசையில் சுற்றவிட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் உங்கள் சக் (கட்டையைக் கவ்வுகிற பிடி) வெறும் திருகில் நிற்கிறதென்றால், பூட்டுத் திருகு இல்லாமல் செய்யாதீர்கள், கழன்று முகத்துக்கு வரும்.

புதுஉளி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். சாணை பிடித்து, அடியிலிருந்து விளிம்புக்கு நாலு மெல்லிய வெட்டு. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன், ஒரு திட்டு சுத்தமாகப் போய்விட்டது. இன்னொன்றில் கடுகளவு மிச்சம், அதை அரக்கும் ஸ்கிரேப்பரும் முடித்தன. தாள் 180-இல்தான் தொடங்கினேன்! இப்போது உள்ளே குடைந்தாயிற்று, சுவர் நன்றாக இருக்கிறது. ஆனால் சுவர் திரும்பி அடிக்குப் போகிற வளைவில் வரிவரியாக வருகிறது. உளியின் சாணைச் சாய்வு 40 டிகிரி.

சுருள்சீவல்:
அந்த இடத்தில் உளிப்பிடி விளிம்பில் இடிக்கும், சாய்வு மரத்தை விட்டு எழும்பிவிடும். அடிவளைவுக்கென்று இன்னொரு குழி உளியை 60 டிகிரிக்கு மேல் மொட்டையாகச் சாணை பிடித்து வையுங்கள். சாய்வின் பின்முனையையும் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

புதுஉளி:
பழைய உளி ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே பிடிக்கிறேன் சார்.